பேட்ரிக் பியர்ஸ் என்ற பள்ளி ஆசிரியரைப் படிக்க: இலவச அயர்லாந்து இணையத்தளங்கள் ஒரு மதிப்பீடு

1916 ஏப்ரல் 24 அன்று டப்ளின் தலைமை அஞ்சலகத்தின் முன் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து அயர்லாந்துக் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தவர், மே 3 அன்று கில்மைனம் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். பேட்ரிக் பியர்ஸைப் பலருக்கும் இந்த அளவில்தான் தெரியும். அதற்கு முந்திய இருபது ஆண்டுகள் அவர் ஐரிஷ் மொழிக்கு உழைத்தவர், கதை எழுதியவர், பள்ளி நடத்தியவர். பேரணாம்பட்டில் வீட்டில் உருது, குடியாத்தத்துப் பக்கம் தெலுங்கு, வகுப்பில் தமிழோ ஆங்கிலமோ என்று படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் வேலூர் வட்டார ஆசிரியர்களுக்கு அந்த இருபது ஆண்டுகள்தான் முக்கியம். அதைப் படிக்க எந்தத் தளம் உதவுகிறது, எங்கே தடுக்கிவிடுகிறது என்பதே இந்த மதிப்பீடு. எல்லாமே இலவசம்.

முதலில் போக வேண்டியது அயர்லாந்து வாழ்க்கை வரலாற்று அகராதி. டி-ஐ-பி என்ற மூன்று எழுத்து, பிறகு டாட் ஐஇ. ராயல் ஐரிஷ் அகாடமி 2009ல் 9 தொகுதிகளாக அச்சிட்டு வெளியிட்டது. 2021 முதல் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கட்டுரை ஆங்கிலத்தில், நீளமாக இருக்கும். 1879 நவம்பர் 10 பிறப்பு, இங்கிலாந்திலிருந்து வந்த சிற்பியான தந்தை, 16 வயதில் ஐரிஷ் மொழியை மீட்க உழைத்த கேலிக் லீக் அமைப்பில் சேர்ந்தது, 1903 முதல் 1909 வரை அந்த அமைப்பின் வார இதழுக்கு ஆசிரியராக இருந்தது, 1908ல் புனித எண்டா பள்ளியைத் தொடங்கியது என்று வாழ்க்கையின் எலும்புக்கூடு முழுதும் இங்கே பிசகில்லாமல் கிடைக்கும். குறை ஒன்று உண்டு. அயர்லாந்து அரசியல் தெரிந்தவருக்கு எழுதியது போல இருக்கிறது. ‘ஹோம் ரூல்’ என்ற தன்னாட்சி மசோதா என்ன, ஐரிஷ் தொண்டர் படை ஏன் இரண்டாகப் பிளந்தது என்பதைத் தனியே படித்துக்கொண்டு வந்தால்தான் பின்பாதி புரியும். பள்ளி ஆசிரியரான பியர்ஸ் மட்டும் போதும் என்பவர்கள் 1913 வரை நிதானமாகப் படித்துவிட்டு மீதியை வேகமாகக் கடக்கலாம்.

அடுத்தது ஏ-ஐ-என்-எம் டாட் ஐஇ. ஐரிஷ் மொழிக்காக உழைத்தவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை ஐரிஷிலேயே தரும் தளம். ஆங்கிலப் பெயரை வைத்துக்கொண்டு தேடினால் தடுமாறுவீர்கள். ‘மாக் பியராய்ஸ்’ என்ற ஐரிஷ் குடும்பப் பெயரின் எழுத்துகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். அதை முதல் தளத்திலிருந்து நகலெடுத்துக்கொள்வது சுலபம். உயிரெழுத்தின் மேல் வரும் சாய்கோடு வேண்டுமென்றால் கைப்பேசி விசைப்பலகையில் அந்த எழுத்தை அழுத்திப் பிடித்தால் போதும். பக்கத்தை நேராகத் தமிழுக்கு மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள்: ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் சாதாரணச் சொற்களாக மாறி வாக்கியம் குழம்பிவிடும். ஆங்கிலத்துக்கு மாற்றி, சந்தேகம் வந்த பெயரை மூலத்தோடு ஒப்பிடுங்கள். இவ்வளவு பாடுபடுவதற்குப் பலன் உண்டா? உண்டு. பியர்ஸோடு சேர்ந்து உழைத்த மற்ற ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் இங்கே தனித்தனியாக இருக்கிறார்கள். ஒரு மொழியை மீட்கும் வேலையை ஒரே ஆளின் சாதனையாகப் படிக்கும் பழக்கம் இங்கே உடைகிறது.

எங்கள் பார்வையில் எல்லாவற்றிலும் மேலானது கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியின் ‘செல்ட்’ என்ற இணைய நூல் தொகுப்பு. தோற்றம் பழையது, அழகு எதுவும் கிடையாது. ஆனால் பியர்ஸின் சொந்த எழுத்து இங்கே சுத்தமாகத் தட்டச்சாகி இருக்கிறது. உலாவியின் தேடல் பெட்டியிலேயே ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்கலாம், பிடிஎஃப் ஆகச் சேமித்து ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கலாம். படிக்க வேண்டியது ‘கொலை இயந்திரம்’ என்ற கல்விச் சிறுநூல். 1916 ஜனவரி தேதியிட்டு வந்தாலும் அது ஒரே மூச்சில் எழுதியதல்ல. 1912 டிசம்பரில் பேசிய உரையையும் 1913, 1914ல் வந்த கட்டுரைகளையும் ஒட்டிச் சேர்த்தது. அதனால் சில கருத்துகள் திரும்பத் திரும்ப வரும். சலித்துக்கொண்டு பாதியில் மூடிவிடக் கூடாது. 1878 சட்டத்துக்குப் பிறகு அயர்லாந்தில் இடைநிலைப் பள்ளிகளுக்குத் தேர்வு முடிவைப் பார்த்துப் பணம் கொடுத்தார்கள். பாடத்திட்டம் வெளியே முடிவாகும், பள்ளி அதற்குப் பிள்ளைகளைத் தயார்செய்து அனுப்பும். பியர்ஸின் கோபம் முழுதும் இதன் மேல்தான். மாற்றாக அவர் பழைய ஐரிஷ் வழக்கத்தைச் சொல்கிறார்: பிள்ளையை ஒரு வளர்ப்புத் தந்தையிடம் ஒப்படைத்து, அவர் அருகில் இருந்தே வளரவிடுவது. குருகுலம் என்று நாம் உடனே பெயர் வைத்துவிடுவோம். கொஞ்சம் பொறுத்து, ஆசிரியருக்கும் பள்ளிக்கும் அவர் கேட்கும் சுதந்திரம் எவ்வளவு என்று பாருங்கள். தேர்ச்சி விழுக்காட்டுக் கணக்கில் மாட்டிக்கொண்ட நம்மூர்ப் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கங்கள் அப்படியே பொருந்துகின்றன.

இருமொழிக் கற்பித்தலைப் பற்றிய நேரடிச் செய்முறைதான் செல்ட்டில் போதவில்லை. 1905ல் பெல்ஜியம் போய் இருமொழிப் பள்ளிகளைப் பார்த்து அவர் எழுதிய தொடர்கட்டுரைகள் பத்திரிகைப் பக்கங்களில் வந்தவை. அவற்றின் சாரம் இது: புது மொழியைப் பொருள், படம், செயல் வழியாக நேரடியாகக் கற்பி, மற்ற பாடங்களை இரண்டு மொழியிலும் நடத்து. புனித எண்டாவில் இதைத்தான் முயன்றார். 1910ல் பள்ளியை டப்ளினை அடுத்த ராத்ஃபார்னம் பக்கம் பெரிய வளாகத்துக்கு மாற்றியதும் கடன் கழுத்தை நெரித்தது. 1914ல் அமெரிக்கா வரை போய் நிதி திரட்ட வேண்டியிருந்தது. 1913 மே மாதம் டப்ளினின் அபே நாடக அரங்கில் பள்ளிக்கு நிதி சேர்க்க நடந்த நிகழ்ச்சியில் பியர்ஸின் ‘அரசன்’ நாடகத்தோடு தாகூரின் ‘அஞ்சலக’மும் மேடையேறியது. பியர்ஸ் மறைந்த பிறகும் பள்ளி 1935 வரை நடந்தது.

அவருடைய சிறுகதைகளைத் தேடுபவர்கள் எழுத்துமுறையைக் கவனிக்க வேண்டும். 1907ல் வந்த ‘இயசகான்’ தொகுப்பின் தலைப்பில் ‘கதைகள்’ என்ற சொல் எஸ், ஜி என்று தொடங்கும். இன்றைய ஐரிஷில் எஸ், சி. பழைய வடிவில் வைத்துத் தேடினால் டீங்லன் அகராதித் தளம் பல சொற்களுக்குக் கையை விரிக்கும், மாற்றிப் போட்டால் கிடைக்கும். பழைய ஐரிஷ் அச்செழுத்தில் மெய்யெழுத்தின் மேல் புள்ளி இருந்தால் இன்று அதன் பின்னால் ஹெச் சேர்க்க வேண்டும். அந்த அச்சை ஸ்கேன் செய்து கணினி தானாக எடுத்த எழுத்து பெரும்பாலும் குப்பைதான். படத்தைப் பார்த்துக் கையால் அடிப்பதே நல்லது. உச்சரிப்புக்கு டீங்லனில் மூன்று வட்டார ஒலிப்பதிவுகள் உண்டு. மேற்கு அயர்லாந்தின் கனாக்ட் வழக்கைத் தேர்ந்தெடுங்கள். கதைகள் அங்குள்ள ராஸ் மக் பகுதியின் பேச்சிலிருந்து வந்தவை.

கடைசியாக, அயர்லாந்து விடுதலைப் போராட்டத்தைப் பற்றி ராணுவ வரலாற்றுச் செயலகம் திரட்டிய 1,773 சாட்சி வாக்குமூலங்கள். பியர்ஸிடம் படித்த மாணவர்கள் சிலர் பள்ளியைப் பற்றி இங்கே பேசுகிறார்கள். அஞ்சலகத்தின் மேல் கொடி ஏற்றிய ஈமன் பல்ஃபின் அவர்களில் ஒருவர். தட்டச்சுத் தாள்களின் ஸ்கேன் என்பதால் கைப்பேசித் திரையில் கண் வலிக்கும், கணினியில் படியுங்கள். இவை 1947க்கும் 1957க்கும் இடையில், அதாவது முப்பது நாற்பது ஆண்டு கழித்து நினைவிலிருந்து சொன்னவை. வகுப்பறைச் சூழலை அறிய இவற்றைப் படிக்கலாம். தேதிக்கு முதலில் சொன்ன வாழ்க்கை வரலாற்று அகராதியையே நம்புங்கள்.