ஓமடான் எல்பி: ஊசி மாத்தியும் போகாத அந்தக் கடைசி நாலு நிமிஷம்

என் ரெக்கார்ட் பிளேயர்ல பழைய கோனிக்கல் (உருண்ட முனை) ஊசியைத் தூக்கிட்டு மைக்ரோலைன்னு சொல்ற மெல்லிசு முனை ஊசி போட்டாச்சு, ஊசியைப் பிடிச்சிருக்கற காட்ரிட்ஜ் சரியான கோணத்துல நிக்குதான்னு புரோட்ராக்டர்ங்கற அளவு அட்டை வச்சு சரி பண்ணியாச்சு. முதல்ல ஓட்டினது மைக் ஓல்ட்ஃபீல்டோட ஓமடான் ஆல்பம்தான், சொல்லப்போனா அதுல சைடு ஒன் முழுக்க வர்ற பார்ட் ஒன்னோட முடிவுக்காகத்தான் இந்தச் செலவே. அங்க வர்ற கரகரப்பு நல்லாவே குறைஞ்சிருக்கு. ஆனா போகல. இந்த ஆல்பத்தை எல்பியா, அதாவது இசைத்தட்டா வாங்கலாமா சிடியே போதுமான்னு ஒரு ஃப்ரெண்ட் ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கான், அவனுக்கும் சேர்த்து எழுதிடறேன்.

ஆல்பத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 1975, அவருக்கு 22 வயசு. அவரோட முதல் ஆல்பம் டியூபுலர் பெல்ஸ் வந்து ரெண்டு வருஷம்தான் ஆச்சு. இங்கிலாந்துல ஹெரிஃபோர்ட்ஷயர்ல வேல்ஸ் எல்லையை ஒட்டின கிங்டன்ல, தான் குடியிருந்த வீட்டுலயே ரெக்கார்டிங் மெஷினை வச்சுக்கிட்டு கிடார், பேஸ், மாண்டலின், பான்ஜோ, ஹார்ப், பியானோ, குளோக்கன்ஸ்பீல்னு ஒவ்வொன்னா தானே வாசிச்சு மேல மேல அடுக்கிட்டே போயிருக்கார், ஓட்டி ஓட்டி டேப்புல ஒலி பதியற ஆக்சைடு பூச்சே உதிர ஆரம்பிச்சு பார்ட் ஒன்னைத் திரும்ப முதல்ல இருந்து எடுக்க வேண்டியதாயிடுச்சு. அந்த வருஷ ஆரம்பத்துலதான் அவங்க அம்மாவும் தவறிட்டாங்க. இது தெரிஞ்சப்புறம் அந்த கிடார் எனக்கு வேற மாதிரி கேக்குது.

பார்ட் ஒன் சுமார் 19 நிமிஷம். ஆரம்பத்துல அவசரமே இல்லாத ஒரு மெலடி, நடுவுல ரெக்கார்டர்ங்கற குழல் வாத்தியம், அப்புறம் பொண்ணுங்க குரல் திரும்பத் திரும்ப ஒரே வரியைப் பாட, கீழ ஜூலியன் பஹுலாவோட ஜபூலா குழு ஆப்பிரிக்க டிரம்ஸை அடிச்சு ஏத்த, கடைசியில அந்த எலக்ட்ரிக் கிடார் மேல ஏறி கதறுது பாருங்க, ராக் மியூசிக்ல அதுக்கு இணையா இன்னொரு இடத்தை நான் கேட்டதில்ல, எத்தனை தடவை கேட்டாலும் தொண்டை அடைக்குது.

என் கோவமும் சரியா அங்கதான். எல்பி எப்பவும் ஒரே வேகத்துல சுத்துது, 33⅓ ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு அத்தனை சுத்து. வெளி ஓரத்துல ஊசிக்கு அடியில ஒரு செகண்டுக்கு 50 செ.மீ. கிட்ட குரூவ் (பாட்டைச் செதுக்கின பள்ளம்) ஓடும், நடுவுல லேபிள் பக்கம் வரும்போது அது பாதிக்கும் கீழ போயிடும். அதே சத்தத்தை அவ்ளோ சின்ன இடத்துல நெருக்கி எழுதினா ஊசியால அந்த வளைவுக்குள்ள ஒழுங்கா போய் வர முடியாது, ஹை ஃப்ரீக்வென்சி எல்லாம் பிசிறடிக்கும். மென்மையான ஆரம்பத்துக்கு வெளி ஓரத்து விசாலமான இடம், மொத்த ஆல்பத்துலயே சத்தமான, அடர்த்தியான அந்த உச்சத்துக்கு உள்ளே இருக்கற மோசமான இடம்! என்கிட்ட இருக்கறது செகண்ட்ஹேண்ட் காப்பி வேற, முன்னாடி வச்சிருந்தவர் இதே இடத்தை மொண்ணை ஊசியால நிறைய தடவை ஓட்டியிருக்கணும், தேஞ்ச குரூவை எந்த ஊசியும் சரி பண்ணாது. ரெண்டு டிஸ்க்காப் பிரிச்சுப் போட்டா தீருமேன்னா, விடாம ஏறிட்டே போற பீஸை எங்க வெட்டுவீங்க?

சைடு டூல இந்தத் தொல்லை இல்ல. எடுத்த எடுப்புலயே கிடார்களை சுவர் மாதிரி அடுக்கிட்டு, அப்புறம் பேடி மொலோனியோட ஐரிஷ் பைப்ஸ் (காத்துப்பை வச்ச குழல் வாத்தியம்) வருது, முடிவுல 'ஆன் ஹார்ஸ்பேக்' பாட்டு, அக்கூஸ்டிக் கிடாரும் பசங்க கோரஸும். உள்வட்டத்துக்குன்னே அளவெடுத்த மாதிரி சாதுவான பாட்டு. புது ஊசியில அந்த பைப்ஸ் என்னமா வருது!

2017-ல எல்லா வாத்தியமும் அவரே வாசிச்சு 'ரிட்டர்ன் டு ஓமடான்' போட்டார், அதுவும் சைடுக்கு ஒரே நீளமான பீஸ். நல்ல ஆல்பம், மெலடிக்குப் பஞ்சமே இல்ல, ஆனா பழசுல வெளி ஆட்கள் கொண்டு வந்த சூடு அதுல கொஞ்சம் கம்மி. ஜபூலாவோட டிரம்ஸ் மாதிரி தள்ளிக்கொண்டு போற ஒரு கை அதுல இல்ல.

அதனால ஃப்ரெண்டுக்கு என் பதில், எல்பி வேணாம். 2010 டீலக்ஸ் எடிஷன் கிடைச்சா வாங்கு, அவரே பண்ணின புது மிக்ஸும் (வாத்தியங்களோட சத்த அளவை மறுபடி கலந்தது) 1975 மிக்ஸும் ரெண்டுமே இருக்கு, டிவிடில 5.1 சரவுண்ட் மிக்ஸும் உண்டு. எனக்கு 1975 மிக்ஸ்தான். இவ்ளோ திட்டினதுக்கப்புறமும் என் எல்பியை விக்க மாட்டேன், நல்ல காப்பி மாட்டினா இன்னொன்னு கூட வாங்குவேன். நீயும் என் பேச்சைக் கேக்காம எல்பிதான்னு நின்னா, கடைக்காரர்கிட்ட சைடு ஒன்னோட கடைசி நாலு நிமிஷத்தைப் போட்டுக் காட்டச் சொல்லு, முதல் நாலு நிமிஷத்தைக் கேட்டுட்டு காசு குடுத்துடாத.