சென்னை – செஞ்சி ஒரு நாள் வாடகைக் கார்: எதைப் பேசி முடிக்க வேண்டும், எங்கே நேரம் போகும்

செஞ்சிக்கு வண்டி பேசும்போது எல்லோரும் முதலில் கேட்பது கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, வண்டி வாசலுக்கு எத்தனை மணிக்கு வரும் என்பது. கோட்டை காலை 9 மணிக்குத் திறக்கிறது. கோட்டையின் உயரமான மலையான ராஜகிரியில் ஏற பிற்பகல் 3 மணி வாக்கில் ஆள் விடுவதை நிறுத்திவிடுகிறார்கள். மாலை 5 மணிக்குள் எல்லோரும் கீழே இருக்க வேண்டும். கணக்குக்கு எட்டு மணி நேரம் போலத் தெரிந்தாலும், அந்தக் கருங்கல் பாறையில் நிம்மதியாக ஏறக் கிடைப்பது காலை 9 முதல் 11 வரைதான். பதினொன்றரைக்கு அடிவாரத்தில் வந்து இறங்குகிறவர்கள் கமலக்கண்ணியம்மன் கோயில் வரை ஏறி, தண்ணீர் தீர்ந்து, திரும்பிவிடுகிறார்கள். சென்னையிலிருந்து இந்தப் பயணத்துக்குக் கார் எடுப்பது காசுக்குத் தகுந்த காரியமா என்றால், ஆமாம். ஆனால் அதிகாலை 5 மணிக்கு வண்டி கிளம்பினால்தான்.

கிண்டிப் பக்கமிருந்து போக வர 300 கிலோமீட்டர். பில்லில் அப்படி வராது. வெளியூர் டிரிப்பில் பெரும்பாலானவர்கள் ஷெட்டிலிருந்து ஷெட் வரை ஓடிய கிலோமீட்டரைத்தான் கணக்கெடுக்கிறார்கள். வண்டி ரெட்ஹில்ஸில் நிற்கிறது, ஏறும் இடம் வேளச்சேரி என்றால் அந்த நாற்பது கிலோமீட்டரும், திரும்பிப் போகும் நாற்பதும் நம் தலையில்தான். ஆகவே பேசும்போதே கேளுங்கள்: "கிலோமீட்டர் பிக்கப்பில் இருந்தா, ஷெட்டில் இருந்தா?" பிக்கப்பிலிருந்து என்று சொல்கிறவர் ரேட்டில் ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் பல நேரம் அதுவே மலிவு.

செடான் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 14 ரூபாய், இன்னோவாவுக்கு 18 முதல் 20, டிரைவர் பேட்டா 400 அல்லது 500, நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர். சந்தையில் பொதுவாக ஓடும் கணக்கு இதுதான். 330 கிலோமீட்டர் என்று வைத்தால் செடானுக்கு 4,620, பேட்டா 500, டோல் தனி. மொத்தம் 5,500 ரூபாயை ஒட்டி நிற்கும். நாலு பேர் பங்கு போட்டால் தலைக்கு 1,400 பக்கம். இன்னோவா 18 ரூபாய் என்றால் 5,940, பேட்டாவும் டோலும் சேர்த்து 6,800 வரை வரும். ஆறு பேர் போனால் தலைக்கு 1,150கூட ஆகாது. ஐந்து பேரைச் செடானில் திணிக்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். இன்னொன்று: இப்போது வாடகைக்கு ஓடும் செடான்களில் நிறைய சி.என்.ஜி. வண்டிகள். டிக்கியில் பாதியைச் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். நாலு பேர் தண்ணீர் கேன், சாப்பாட்டுப் பை, மாற்றுத் துணியோடு போகும்போது அது மடியில் வந்து உட்காரும்.

புக்கிங்கில் அடிக்கடி நடக்கிற தவறு, ஆப்பில் "10 மணி நேரம், 100 கிலோமீட்டர்" என்று இருக்கும் லோக்கல் பேக்கேஜைத் தட்டிவிடுவது. முதலில் பார்க்கும் தொகை குறைவாக இருக்கும். மிச்சம் 200 கிலோமீட்டருக்கும் கூடுதல் மணிக்கும் தனித்தனி ரேட் போட்டு ராத்திரி பில் வரும்போது வெளியூர் டிரிப்பைவிட அதிகமாகிவிடும். "டிராப் டாக்ஸி"யும் இதற்கு ஆகாது. அது ஒரு வழிக்கு மட்டும். இறக்கிவிட்டுப் போய்விடும், மாலையில் செஞ்சியிலிருந்து சென்னைக்கு அதே மாதிரி வண்டி கிடைக்கும் என்று நம்பி இறங்க முடியாது. வெளியூர், ரவுண்ட் டிரிப் என்று வெளிப்படையாகச் சொல்லிப் பேசுங்கள். வெளியூர் கணக்கில் நாள் என்பது நள்ளிரவு 12 முதல் 12 வரை என்பதையும் கவனியுங்கள். எட்டு மணிக்கு வீடு திரும்பினால் பிரச்சினையில்லை. சுற்றிவிட்டு நள்ளிரவு தாண்டினால் இன்னொரு நாள் பேட்டாவும் குறைந்தபட்சக் கிலோமீட்டரும் சேரும்.

வண்டி வந்ததும் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். மின்சார வண்டி என்றால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளை போர்டு சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி கூடாது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரிக்க அதுவே போதும். இரண்டு ரூபாய் குறைவு என்று அதில் ஏறாதீர்கள். பிறகு மீட்டரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டிரிப் ஷீட்டில் எழுதும் ஆரம்பக் கிலோமீட்டரும் அதுவும் ஒன்றாக இருக்கட்டும். டிரைவர்கள் மீட்டரின் கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் சொல்லி எழுதச் சொல்வது வழக்கம். முழு எண்ணையும் எழுதச் சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

டிரைவர் அண்ணாவிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "நேற்று ராத்திரி டூட்டி இருந்ததா?" விமான நிலைய டிரிப் முடித்துவிட்டு மூன்று மணிக்குக் கண் அசந்து ஐந்து மணிக்கு வந்து நிற்பவர்கள் உண்டு. போகும்போது தெரியாது. மாலை ஐந்தரைக்கு மேற்கு வெயில் முதுகில் அடிக்க, வயிறு நிறைந்து, திண்டிவனம் தாண்டி நேர்ச்சாலையில் வரும்போதுதான் தெரியும். முந்தின இரவு தூங்கிய டிரைவர் வேண்டும் என்று ஏஜென்சியிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. நீங்கள் மலையில் இருக்கும் நேரத்தில் அவர் நிழலில் வண்டியைப் போட்டு இரண்டு மணி நேரம் படுக்க வேண்டும். "போன் பண்ணினா உடனே வந்துடுங்க" என்று அவரை விழிக்க வைக்காதீர்கள். வருகிற நேரத்தைச் சொல்லிவிட்டுப் போனால் இருவருக்கும் நிம்மதி.

வழி ஜி.எஸ்.டி. சாலைதான். தாம்பரம், பெருங்களத்தூர், கிளாம்பாக்கம், சிங்கப்பெருமாள் கோயில் இவற்றை ஆறு மணிக்குள் தாண்டிவிட்டால் மீதி வழுக்கிக்கொண்டு போகும். ஏழு மணி ஆனால் செங்கல்பட்டு வரைக்கே ஒன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும். திண்டிவனம் வரை பரனூர், ஆத்தூர் இரண்டு டோல். இரண்டிலும் ஃபாஸ்டேகில் பிடித்த தொகையைப் பில்லோடு காட்டச் சொன்னால் போதும். போய்த் திரும்புவது 24 மணி நேரத்துக்குள் என்பதால் திரும்பும்போது முழுத்தொகை பிடிக்காது, ஆனால் சிலர் கைக்கணக்கில் இரண்டு மடங்காகப் போட்டுவிடுகிறார்கள். திண்டிவனத்தில் திருவண்ணாமலை சாலைக்குத் திரும்பினால் செஞ்சி 28 கிலோமீட்டர். காலைச் சாப்பாட்டை மேல்மருவத்தூர் – திண்டிவனம் நடுவே முடித்துவிடுங்கள். இட்லி, பொங்கல் என்று லேசாக. பூரிக் கிழங்கும் ரெண்டு வடையும் மலை ஏறும்போது கணக்குத் தீர்க்கும்.

நாள் பார்ப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து பேக்கேஜ் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. இந்தச் சாலைதான் திருவண்ணாமலைக்கும் போகிறது. பௌர்ணமி நாளில் கிரிவலக் கூட்டம் பிற்பகலிலேயே செஞ்சி வழியாக இறங்கும். அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்துக்கு மாலையில் வண்டிகள் குவியும். இரண்டு நாளையும் காலண்டரில் அடித்துவிடுங்கள். கார்த்திகை தீப வாரத்தை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஊர் திரும்பும் கூட்டத்தில் பரனூர் முதல் தாம்பரம் வரை சிக்கினால் ஒன்றரை மணி நேரம் போகும். சனிக்கிழமை போகிறவர்கள் ஐந்து மணிக்குக் கிளம்பினாலும், வார நாளில் விடுப்பு எடுத்துப் போவதன் சுகம் வேறு. மாதம் என்றால் நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. மழை விட்ட கையோடு போனால் குளங்களில் தண்ணீர் நிற்கும், பாறை இடுக்கெல்லாம் பச்சை. மழை பெய்யும்போதே போகாதீர்கள், படி வழுக்கும்.

பஸ்ஸில் போகக் கூடாதா என்றால், போகலாம். கிளாம்பாக்கத்திலிருந்து திருவண்ணாமலை பஸ்கள் பல செஞ்சி வழியாகப் போகின்றன, செலவும் மிகக் குறைவு. காரின் பலன் செஞ்சிக்குள் இறங்கிய பிறகுதான் தெரியும். கோட்டை என்பது ஒரு மலை இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளைச் சுற்றி 13 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் ஓடுகிறது. திருவண்ணாமலை சாலை கோட்டைக்கு நடுவே புகுந்து போகிறது. கிருஷ்ணகிரிக்குச் சாலையோரத்திலேயே ஏறலாம். ராஜகிரிக்கு எதிர்ப்பக்கம் மதிலைக் கடந்து உள்ளே போக வேண்டும். வேங்கடரமணர் கோயில் இன்னொரு பக்கம். ஆட்டோவுக்குக் காத்திருந்து இவற்றுக்கிடையே போய்வருவதில் பஸ் பயணிக்கு அரை நாள் தேய்ந்துவிடும். டிக்கெட் ஒன்றுதான்: நம்மவர்களுக்கு 25 ரூபாய், வெளிநாட்டவருக்கு 300, 15 வயதுக்குள் இலவசம். அந்த டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள், அடுத்த மலைக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

ராஜகிரியை முதலில் ஏறுங்கள். உயரம் சுமார் 800 அடி. ஏற ஒன்றே கால் மணி, மேலே முக்கால் மணி, இறங்க ஒரு மணி என்று வைத்துக்கொள்ளலாம். படிகள் தொடக்கத்தில் அகலமாக, சீராக இருக்கும். பாதிக்கு மேல் அப்படியில்லை. ஒரு படி அரை அடி, அடுத்தது ஒன்றே கால் அடி, நடுவில் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும். ஏறும்போது மூச்சு வாங்கும், அது பரவாயில்லை. இறங்கும்போதுதான் முட்டி பேசும். செருப்பு வேண்டாம், அடி நன்றாகப் பிடிக்கும் ஷூ போடுங்கள். தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மேலே கடை கிடையாது. குரங்குகள் பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே வந்துவிடும். சாப்பாட்டைக் காரிலேயே வைத்துக் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிடச் சொல்லுங்கள்.

உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து நிற்கும் இடம் வரும். 24 அடி அகலம், 60 அடி ஆழம். குறுக்கே ஒரு சின்னப் பாலம். அங்கே ஒரு நிமிடம் நின்று கீழே பாருங்கள். அந்தக் காலத்தில் இழுத்துவிடக்கூடிய மரப்பாலம் இருந்த இடம் அது. பலகையை எடுத்துவிட்டால் எதிர்ப்பக்கம் நாலைந்து பேர் நின்றாலே ஒரு படையை நிறுத்தலாம். சிவாஜி 1677இல் பிடித்த இந்தக் கோட்டைக்குள்தான் அவர் மகன் ராஜாராம் வந்து ஒதுங்கினார். ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் இதை முற்றுகையிட்டு 1698 வரை காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. ஏன் அவ்வளவு ஆண்டுகள் என்று அந்தப் பிளவின் ஓரத்தில் நிற்கும்போது கால்களுக்கே புரியும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி.

பெரியவர்கள் உடன் வந்தால் அவர்களை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு ஏறாதீர்கள். அடிவாரமே ஒரு முழுக் கோட்டை. கூம்பாக அடுக்கடுக்காக எழும் கல்யாண மகால், பெரிய நெற்களஞ்சியங்கள், யானைக்குளம், 1717–18இல் கட்டிய சதத்துல்லா கான் மசூதி எல்லாம் சமதளத்தில் இருக்கின்றன. களஞ்சியத்துக்குள் பகல் உச்சியிலும் குளிர்ந்த இருட்டு, பேசினால் கூரை திருப்பிச் சொல்லும். மதியத்துக்கு மேல் கால் கேட்டால் கிருஷ்ணகிரி. உயரம் குறைவு, படி நல்ல படி. ராஜகிரியை முழுதாகப் படம் பிடிக்க அதன் உச்சி மண்டபம்தான் சரியான இடம். கால் கேட்கவில்லையென்றால் காரில் ஏறி வேங்கடரமணர் கோயிலுக்குப் போங்கள்.

"செஞ்சியும் திருவண்ணாமலையும்", "செஞ்சியும் புதுச்சேரியும்" என்று ஒரே நாளில் இரண்டையும் சேர்த்து விற்கும் பேக்கேஜ்களுக்கு எங்கள் பதில் வேண்டாம் என்பதே. திருவண்ணாமலையை ஒட்டினால் கூடுதலாகப் போக வர 80 கிலோமீட்டர், கோயில் வரிசை வேறு. ராஜகிரியை அடிவாரத்திலிருந்து கும்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டிவரும். புதுச்சேரி வழியாகத் திரும்பினால் தூரம் ஏறுவதோடு, தமிழ்நாடு பெர்மிட் மட்டும் உள்ள வண்டிக்கு அங்கே நுழையத் தனிப் பெர்மிட் காசும் சேரும். புதுச்சேரியை இன்னொரு வார இறுதிக்கு வையுங்கள். அப்போது கடற்கரைச் சாலையில் காந்தி சிலை பக்கம் போனால், பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சி வேங்கடரமணர் கோயிலிலிருந்து பெயர்த்துக்கொண்டு போன கல்தூண்களை அங்கே பார்க்கலாம். செஞ்சியில் அவை இருந்த கோயிலைப் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு மனது கனக்கும்.

மூன்று மணிக்கு மதியச் சாப்பாட்டை செஞ்சி ஊருக்குள்ளேயே முடித்து நாலு மணிக்குள் வண்டியை எடுத்தால், ஏழரைக்குத் தாம்பரம். வீட்டு வாசலில் இறங்கியதும் மீட்டரை மறுபடி போட்டோ எடுத்து, முடிவுக் கிலோமீட்டரை டிரிப் ஷீட்டில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஷெட் கணக்கு என்றால் மேற்கொண்டு எத்தனை கிலோமீட்டர் சேர்க்கிறார் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். டிரைவர் அண்ணா அன்று மதியம் தன் காசில் சாப்பிட்டிருந்தால் அதையும் கேட்டுக் கொடுத்துவிடுங்கள், பேட்டாவில் அது அடங்கும் என்று ஏஜென்சி சொன்னாலும்.