சந்தாவா, சொந்தமா: வீடியோ கேம்களுக்குப் பல ஆண்டுகள் காசு கொடுத்த அனுபவம்

மாதச் சந்தா கட்டியும் விளையாடுகிறேன், தனியாக விலை கொடுத்தும் வாங்குகிறேன். பல ஆண்டுகளாக இப்படித்தான். சந்தாவை நான் வெறுக்கவில்லை. ஆனால் மனத்துக்குப் பிடித்துப்போன விளையாட்டை அதை நம்பி விட்டுவைப்பதில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2020-இல் பெரிய நிறுவனங்களின் புதிய வெளியீடுகள் 60 டாலரிலிருந்து 70 டாலருக்கு ஏறத் தொடங்கின. அந்த விலையில் முன்பின் தெரியாத ஒன்றை வாங்கிப் பார்க்க எவருக்கும் கை வராது. சந்தா கட்டினால் ஒரு பட்டியலில் உள்ள விளையாட்டுகளை எல்லாம் ஆடிப் பார்க்கலாம் என்பதால் அந்தத் தயக்கம் இல்லை. சிறு குழுக்கள் உருவாக்கும் புதிர் விளையாட்டுகள்மீது எனக்கு ஆசை வந்ததே அந்தப் பட்டியலைத் துழாவியதால்தான்.

ஆனால் பட்டியல் நிலையாக இருப்பதில்லை. நீண்ட கதை விளையாட்டு ஒன்றில் பாதியைத் தாண்டியிருந்தபோது, மாத இறுதியில் அது நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. அதன்பின் ரசித்து விளையாட முடியவில்லை. கிளைக்கதைகளை ஒதுக்கிவிட்டு முடிவை நோக்கி ஓடினேன், எட்டவில்லை. நான் எட்டிய இடத்தைச் சேமித்த சேவ் கோப்பு இன்றும் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. அதைத் திறக்கத்தான் விளையாட்டு இல்லை. இத்தனை மாதம் கட்டிய சந்தாவில் ஒரு காசுகூட அதன் விலையில் கழிக்கப்படாது என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

சரி, வாங்கிவிட்டால் நம்முடையதா? அதற்கும் உறுதியில்லை. 2014-இல் வெளியான 'தி க்ரூ' கார்ப் பந்தய விளையாட்டு இணையம் வழியே இயங்கத் தேவையான சர்வர்களை (நிறுவனத்தின் மையக் கணினிகளை), அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-இல் நிறுத்தியது. தனி ஆளாக விளையாடுவதற்கும் சர்வர் வேண்டும் என்று அதை அமைத்திருந்தார்கள். அதனால் வட்டு வைத்திருந்தவர்களுக்கும் எதுவும் மிஞ்சவில்லை. அந்தக் கோபத்தில் எழுந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் ஐரோப்பிய மனு 2025-இல் பத்து லட்சம் கையெழுத்துகளைக் கடந்தது. நான் முழு மனத்துடன் அந்தப் பக்கம் நிற்கிறேன். சர்வரை என்றென்றும் நடத்துங்கள் என்று எவரும் கேட்கவில்லை. நிறுத்தும்போது விளையாட்டை விளையாடக்கூடிய நிலையில் விட்டுச் செல்லுங்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

கலிபோர்னியாவில் 2025 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, விற்பது பொருளை அல்ல, பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே என்றால் கடைகள் அதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். பதிவிறக்கி நிரந்தரமாக இணையமின்றிப் பயன்படுத்தக்கூடியவற்றுக்கு விலக்கு உண்டு. என் அளவுகோலும் அந்த விலக்குதான். ஜிஓஜி கடையில் நிறுவல் கோப்பையே இறக்கித் தனி வன்தட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பதால், ஒரே விளையாட்டு இரண்டு இடங்களில் கிடைத்தால் அங்கேதான் வாங்குகிறேன்.

முழு விலை வாங்கிக்கொண்டு உள்ளே இன்னொரு கடை திறக்கும் விளையாட்டுகளை இப்போது தொடுவதே இல்லை. குறித்த நாட்களுக்குள் விளையாடிப் பரிசுகளைப் பெறக் காசு கொடுத்து வாங்கும் பேட்டில் பாஸ் அதில் மோசமானது: பணத்தையும் கேட்கிறது, கெடு வைத்து நேரத்தையும் பிடுங்குகிறது. 2016-இல் வந்த ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டுக்கு 2024-இலும் இலவசமாகப் பெரிய மேம்பாடு வந்தது. ஒருமுறை விலை வாங்கிக்கொண்டும் தொழில் நடத்த முடியும்.

சந்தாவைத் தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிட்டேன். பார்க்க வேண்டியவை நான்கைந்து சேர்ந்ததும் ஒரு மாதத்துக்குக் கட்டுகிறேன். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதால், சோதித்துப் பார்க்க சந்தாவே வேண்டும் என்ற நிலை இப்போது எனக்கு இல்லை.