ஜிடிடி கற்க எது சரி: புத்தகமா, பயிலரங்கா?

வேலைகளைப் பட்டியலிட்டு ஒழுங்காகச் செய்து முடிக்கும் ஜிடிடி (கெட்டிங் திங்ஸ் டன்) முறையைக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: புத்தகம் வாங்கிப் படித்தால் போதுமா, இல்லை பயிலரங்குக்குப் போக வேண்டுமா? நான் இரண்டு வழியிலும் போயிருக்கிறேன். முதலில் புத்தகம். ஒன்றரை வருடம் கழித்து, அலுவலகம் அனுப்பிவைத்த ஒருநாள் பயிலரங்கு. இரண்டிலும் கிடைத்தது வேறு வேறு.

முறை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: டேவிட் ஆலன் 2001இல் எழுதிய ‘கெட்டிங் திங்ஸ் டன்’ புத்தகத்திலிருந்து பரவியது இது. 2015இல் திருத்திய பதிப்பும் வந்தது. தலையில் ஓடுவதையெல்லாம் வெளியே எழுதிவை, ஒவ்வொன்றும் என்னவென்று தெளிவாக்கு, உரிய பட்டியலில் போடு, வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் திரும்பப் பார், பிறகு நம்பிக்கையோடு வேலையில் இறங்கு. ஐந்து படிகள், அவ்வளவுதான். இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற வேலையைப் பட்டியலில் சேர்க்காமல் அப்போதே முடித்துவிடு என்ற விதி பலருக்கும் தெரிந்திருக்கும். அதுவும் இங்கிருந்து வந்ததுதான்.

செலவைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. புத்தகம் சில நூறு ரூபாய், பயிலரங்குக்கு அதைப் போலப் பல மடங்கு. சொந்தப் பணம் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே முதலில் புத்தகத்தை எடுங்கள் என்பேன்.

உள்ளடக்கத்திலும் புத்தகத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது. மறந்துபோன வேலைகளை நினைவுக்குக் கொண்டுவரும் நீளமான தூண்டுபட்டியல், பன்னிரண்டு மாதத்துக்கும் முப்பத்தோரு நாளுக்குமாக நாற்பத்து மூன்று கோப்புறைகள் வைத்து வருங்கால வேலைகளை நினைவூட்டிக்கொள்ளும் ஏற்பாடு, பெரிய வேலையைத் திட்டமிடும் விதம், அன்றாட வேலையிலிருந்து வாழ்க்கை நோக்கம் வரை ஆறு உயரங்களில் நின்று பார்க்கும் முறை என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஒருநாளில் இவ்வளவையும் சொல்லி முடிக்க யாராலும் ஆகாது. ஆலனின் நிறுவனம் வகுத்த பயிற்சியே மூன்று நிலைகளாகத்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் நிலையில் அந்த ஐந்து படிகளோடு சரி.

அப்படியானால் புத்தகமே போதும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் தவறாகவே செய்துகொண்டிருந்தேன், அது தவறு என்றே எனக்குத் தெரியவில்லை.

ஜிடிடியின் உயிர் ‘அடுத்த செயல்’ என்பதில் இருக்கிறது. பட்டியலில் எழுதும் ஒவ்வொரு வரியும் கையாலோ வாயாலோ காலாலோ உடனே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு செயலில் முடியாத எதுவும் இந்த முறையின்படி ஒரு ‘ப்ராஜெக்ட்’. இதைப் புத்தகத்தில் படித்தேன், அடிக்கோடும் போட்டேன். ஆனாலும் என் அடுத்த செயல் பட்டியலில் ‘அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்’ என்று ஒரு வரி இரண்டு மாதம் அப்படியே கிடந்தது. பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கும், அடுத்த வரிக்குத் தாவிவிடுவேன்.

பயிலரங்கில் எல்லோரும் தங்கள் பட்டியலிலிருந்து ஒரு வரியைப் படிக்க வேண்டியிருந்தது. நான் அந்த வரியைப் படித்தேன். பயிற்சியாளர் கேட்டார்: “சார், இதுக்காக முதல்ல உங்க உடம்பு என்ன செய்யணும்?” டாக்டரிடம் பேச வேண்டும் என்றேன். “பேசறதுக்கு முன்னாடி?” நேரம் வாங்க வேண்டும். “நம்பர் இருக்கா?” இல்லை. தங்கையிடம்தான் இருந்தது. ஆக, என் அடுத்த செயல் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புவது! அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. தேநீர் இடைவேளையில் அனுப்பினேன், அந்த வாரமே தேதி கிடைத்தது.

இரண்டு மாதம் அம்மாவைக் காக்க வைத்துவிட்டேனே என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நாம் எழுதிய வரியைப் பார்த்து “இது செயல் இல்லையே” என்று புத்தகம் சொல்லாது, எதிரில் இருக்கும் ஆள் சொல்வார். மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே பொருந்தும். முடிக்காமல் விட்ட வேலை மனதில் குறுக்கிட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் வேலையை முடிக்காமலேயே அதற்குக் குறிப்பான திட்டம் போட்டுவிட்டால் அந்தக் குறுக்கீடு அடங்கிவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். ‘குறிப்பான’ என்பதுதான் முக்கியம். என் வரியில் இல்லாததும் அதுதான்.

பயிலரங்கின் இன்னொரு பலம், தப்பிக்க முடியாத நேரம். சிதறிக் கிடக்கும் எல்லாவற்றையும் ஒன்றுதிரட்டி ஒழுங்குபடுத்த, தொடர்ந்து இரண்டு முழு நாட்கள் ஒதுக்கச் சொல்கிறது புத்தகம். வீட்டில் இரண்டு நாள் யாருக்குக் கிடைக்கிறது? நான் ஒரு சனிக்கிழமை மதியத்தோடு நிறுத்திவிட்டேன். பயிலரங்கில் போனை ஒதுக்கிவைத்துவிட்டு, மனதில் உள்ளதையெல்லாம் காகிதத்தில் கொட்ட வைத்தார்கள். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. ஒரே அறையில் இருபது பேர் தலைகுனிந்து எழுதும்போது நமக்கும் எழுந்து போகத் தோன்றாது.

அப்புறம் மூன்றாவது வாரத்தின் தடுமாற்றம். எந்த வழியில் கற்றவருக்கும் இது வரும். வேலை நெருக்கும், வாராந்திரப் பார்வை (வாரம் ஒருமுறை பட்டியலைத் திரும்பப் பார்ப்பது) ஒருமுறை தவறும், பட்டியல் பழசாகும், பழசான பட்டியலை மனம் நம்பாது. பயிலரங்கில் என்னோடு உட்கார்ந்தவர்களில் நான் தொடர்ந்து பார்ப்பவர்கள் நான்கு பேர். அவர்களில் மூன்று பேர் இந்த முறையைக் கைவிட்டுவிட்டார்கள். பயிற்சியாளர் போய்விட்டார், அவர்கள் கையில் இருப்பது ஸ்லைடு அச்சுப்பிரதி மட்டும். எனக்குப் புத்தகம் இருந்தது. வாராந்திரப் பார்வை பற்றிய பகுதியை மட்டும் திரும்பப் படித்துவிட்டு மறுபடி தொடங்குவேன். இதுவரை ஐந்தாறு முறை அப்படித் தொடங்கியிருப்பேன்.

ஆகவே என் முடிவு புத்தகத்தின் பக்கம்தான். அதில் விட்டுப்போகும் திருத்தத்தை ஒரு நண்பரிடமிருந்தே பெறலாம். அவரும் அதே புத்தகத்தைப் படிக்கட்டும். வாரம் ஒருநாள் அரை மணி நேரம் பட்டியலை மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் “இதை இப்பவே செய்ய முடியுமா?” என்று கேளுங்கள். அந்தப் பயிற்சியாளர் எனக்குச் செய்தது இவ்வளவுதான்.

இரண்டு வகையினருக்கு மட்டும் முதலிலேயே பயிலரங்கைச் சொல்வேன். ஒன்று, புத்தகத்தைப் பாதியில் மூடிவிடும் வழக்கம் உள்ளவர். இன்னொன்று, முழுக் குழுவாகக் கற்க விரும்புபவர்கள். கூட்டம் முடியும்போது “அடுத்த செயல் என்ன, யார் செய்வது?” என்று ஒருவர் மட்டும் கேட்டால் எரிச்சலாகப் பார்ப்பார்கள். குழுவில் எல்லோருக்கும் அந்தச் சொல் பழகியிருந்தால் அது கூட்டத்தின் இயல்பான முடிவாகிவிடும்.

பயிலரங்குக்குப் போவதானால், மாதிரிப் பயிற்சிகளை நம்பிப் போகாதீர்கள். மேசையில் கிடக்கும் ரசீதுகள், பாதியில் நிற்கும் மின்னஞ்சல்கள், நீங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் அந்த ஒரு வரி, எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அடுத்து வரும் நான்கு வெள்ளிக்கிழமை மாலைகளையும் வாராந்திரப் பார்வைக்கென்று, கிளம்பும் முன்பே காலண்டரில் ஒதுக்கிவிடுங்கள்.