டி-ஷர்ட் அச்சு: ஸ்கிரீனா, டி.டி.எஃப்பா?

மரம் நடும் எங்கள் குழுவுக்கு டி-ஷர்ட் அடிக்க வேண்டியிருந்தது. கருநீலப் பருத்தித் துணி, நெஞ்சில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு சின்னம். சேறும் வியர்வையும் படிந்து வாராவாரம் துவைப்புக்குப் போகும் சட்டை. வலை கட்டிய சட்டத்தின் வழியே மையைத் துணியில் இறக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்கைத் தேர்ந்தெடுத்தோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன், இந்த மாதிரி வேலைக்கு.

மற்ற முறைகளில் சப்ளிமேஷன் முதலிலேயே கழிந்துவிட்டது. அது பாலியஸ்டருக்கானது, சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சாயம் ஆவியாகி இழைக்குள் புகுந்துவிடும். தடவினால் அச்சு இருப்பதே தெரியாது, உரியவும் வழியில்லை. ஆனால் வெள்ளை மை கிடையாது என்பதால் வெளிர் துணியில்தான் எடுபடும். வினைல், அதாவது நிறப் பிளாஸ்டிக் தாளை வடிவமாக வெட்டிச் சூட்டில் ஒட்டும் முறை, ஆளுக்கு ஆள் பெயரும் எண்ணும் மாறும் ஜெர்சிகளுக்கு அருமை. மெல்லிய கோடுகள் நிறைந்த படத்துக்கு வேண்டவே வேண்டாம். வெட்டிய தாளில் வேண்டாத துணுக்குகளைக் கிள்ளி எடுப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

துணி மேலேயே இங்க்ஜெட்டில் அடிக்கும் டி.டி.ஜி, புகைப்படம் போன்ற படத்தை ஒரே ஒரு சட்டையில் பார்க்க ஆசைப்படுபவருக்கானது. பருத்தியில் நன்றாக வரும். கருந்துணி என்றால் முதலில் ஒரு திரவம் தெளித்துக் காயவைத்து, அதன் மேல் வெள்ளை அடித்து, பிறகுதான் நிறங்கள். இரண்டு நிறச் சின்னத்துக்கு இவ்வளவு சடங்கு எதற்கு?

உண்மையான போட்டி டி.டி.எஃப்தான். படத்தைப் பிளாஸ்டிக் ஃபிலிமில் அச்சடித்து, ஈர மையின் மேல் ஒட்டுப்பொடி தூவி உருக்கி, ஹீட் பிரஸ்ஸில் சில நொடிகள் அழுத்தி ஃபிலிமை உரித்து எடுப்பார்கள். பருத்தி, பாலியஸ்டர், கலப்புத் துணி எதுவானாலும் சரி. எத்தனை நிறமானாலும் ஒரே வேலை. ஒரு சட்டை என்றாலும் அடித்துத் தருவார்கள். ஸ்கிரீனில் நிறத்துக்கு ஒரு சட்டம் தயாராக வேண்டும். வலையில் எமல்ஷன் என்ற ஒளிபட்டால் இறுகும் பூச்சைப் பூசி, ஒளியில் காட்டி, கழுவி, சட்டங்களை ஒன்றோடொன்று பொருத்தி... பத்துச் சட்டைக்கு இந்தப் பாடு கட்டுப்படியாகாது. எங்களுக்கு நிறம் இரண்டே, எண்ணிக்கை அதிகம், அடுத்த ஆண்டும் இதே சின்னம். சட்டங்களைப் பத்திரமாக வைத்திருந்தால் மறுபடி எடுத்து அடிக்கலாம்.

இதெல்லாம் இரண்டாம்பட்சம். முடிவு செய்தது துவைப்பு.

ஸ்கிரீனில் ஸ்குவீஜி என்ற ரப்பர் பட்டையால் இழுக்கும்போது மை நூல்களுக்கு இடையே இறங்கி அவற்றைக் கவ்விக்கொள்கிறது. டி.டி.எஃப்பில் மைக்கும் துணிக்கும் நடுவே நிற்பது அந்த ஒட்டுப்பொடிதான். ஒட்டு சரியாகப் பிடிக்காவிட்டால் ஓரங்கள்தான் முதலில் கிளம்பும். சரியான சூட்டில், சரியான அழுத்தத்தில் ஒட்டிய டி.டி.எஃப் நெடுநாள் தாங்குகிறது என்று அடிப்பவர்கள் சொல்கிறார்கள். நான் அணிந்த ஒன்றிரண்டு அவ்வளவு கடுமையான துவைப்பைப் பார்த்தவை அல்ல. அதனால் அந்தப் பேச்சை மறுக்க மாட்டேன்.

ஸ்கிரீன் என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது, க்யூரிங், அதாவது மையைச் சூட்டில் பதமாக்குவது, சரியாக இருக்க வேண்டும். டி-ஷர்ட்டுக்குப் பரவலாகப் பயன்படும் பிளாஸ்டிசால் மை காற்றில் தானாகக் காயாது. மையின் மேல்பரப்பு மட்டுமல்ல, அடிப்பகுதி வரை சுமார் 160 டிகிரி சூடு ஏற வேண்டும். (குறைந்த சூட்டில் பதமாகும் வகைகளும் உண்டு, மை டப்பாவில் போட்டிருப்பதே கணக்கு.) மேலே காய்ந்து அடியில் வேகாத அச்சு, சட்டையை வாங்கும் நாளில் பளபளவென்றுதான் இருக்கும். சில துவைப்புக்குள் பாளம் பாளமாக வெடிக்கும். ஆகவே மொத்தமும் அடிக்கும் முன் ஒரு மாதிரி வாங்கி, அச்சின் இரு பக்கமும் பிடித்து இழுத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் வேகவில்லை. பிறகு அதே மாதிரியைச் சிலமுறை துவைத்தும் பாருங்கள். நாங்கள் அப்படிப் பார்த்த பிறகே மீதியை அடிக்கச் சொன்னோம்.

துணி பாலியஸ்டராக இருந்தால் இன்னொரு வம்பு. சூட்டில் துணியின் சாயம் மைக்குள் ஏறும். சிவப்புச் சட்டையில் அடித்த வெள்ளை இளஞ்சிவப்பாகிவிடும், சில நேரம் நாள் கழித்து. அதைத் தடுக்கும் மை தனியாக உண்டு, கேட்டு வாங்க வேண்டும். பராமரிப்பு எல்லா அச்சுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: உள்பக்கம் வெளியே திருப்பித் துவையுங்கள், அச்சின் மேல் நேரடியாக இஸ்திரி வைக்காதீர்கள், பிளாஸ்டிசால் இளகி ஒட்டிக்கொள்ளும்.

எட்டு நிறப் படம், பத்தே சட்டை என்றால் நானும் டி.டி.எஃப்புக்குத்தான் போவேன். அப்போது படத்தில் இடைவெளியே இல்லாமல் நிறம் நிரப்பிய பெரிய கட்டம் வேண்டாம். மையும் ஒட்டும் சேர்ந்த படலம் அடை போல மூடிக்கொண்டு வெயிலில் நெஞ்சு புழுங்கும். இடையிடையே துணி தெரியும்படி வரைந்து வாங்குங்கள்.