கலிஃபோர்னியாவில் ஹீட்டர் மாற்றம்: டேங்கா, டேங்க்லெஸ்ஸா?

கலிஃபோர்னியாவில் வீட்டு வாட்டர் ஹீட்டரை மாற்ற, வெந்நீரைச் சேமித்து வைக்கும் டேங்க் ஆனாலும், ஓடும் நீரை அப்போதைக்கப்போது சூடாக்கும் டேங்க்லெஸ் ஆனாலும், பெர்மிட் வேண்டும். அலைச்சலில்தான் வித்தியாசம்.

பழைய கேஸ் டேங்க் இருந்த இடத்திலேயே இன்னொரு டேங்க் என்றால் சுலபம். பல ஊர்களில் ஆன்லைனிலேயே பெர்மிட் கிடைத்துவிடும். ஆய்வாளர் கண் போவது டேங்கைச் சுவரோடு பிடித்துக் கட்டும் நிலநடுக்கப் பட்டைகள் மேல்: டேங்கின் மேல் மூன்றில் ஒரு பங்கில் ஒன்று, கீழ் மூன்றில் ஒரு பங்கில் ஒன்று. கீழ்ப்பட்டை ஹீட்டரின் கன்ட்ரோலுக்கு 4 அங்குலமாவது மேலே இருக்க வேண்டும். அப்புறம் பாதுகாப்பு வால்வின் வடிகுழாய்.

டேங்க்லெஸ் சுவரில் அழகாகத் தொங்கும். பெர்மிட்டில்தான் வேலை வைக்கும். டேங்குக்கு மணிக்கு சுமார் 40,000 பிடியூ (வெப்ப அளவு) போதும், இதற்கு 1,99,000 வரை போகும். அதனால் கேஸ் குழாயின் அளவு, புதுப் புகைக்குழாய், பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் எல்லாம் விண்ணப்பத்தில் ஏறும். பழைய அரை அங்குலக் குழாய் பெரும்பாலும் தாங்காது. குளிர்கால வெள்ளிக்கிழமை ராத்திரி ஹீட்டர் ஒழுக ஆரம்பித்தால், நான் டேங்கையே போடுவேன்.