ஐரூட் வரிக்காக இரண்டு இரவுகள்: ஓபன்விபிஎன், 4 ஆண்டுகளுக்குப் பிறகு

போன வாரம் மலேசியாவின் கிள்ளானிலிருந்து தம்பி ஒருவன் போன் செய்தான். தன் இரண்டு கடைகளின் நெட்வொர்க்கையும் ஓபன்விபிஎன்னில் (வெவ்வேறு இடங்களை இணையம் வழியே பாதுகாப்பாக இணைக்கும் மென்பொருள்) சேர்த்திருக்கிறான். “அண்ணே, ரெண்டு கடையும் சர்வரைப் பிங் பண்ணுது, பதிலும் வருது. ஆனா ஒரு கடையிலேர்ந்து இன்னொண்ணுக்குப் போகவே மாட்டேங்குது.” ஓபன்விபிஎன் அமைப்பில் ஐரூட் என்ற வரியைப் போட்டாயா என்றேன். அது என்ன என்றான். எனக்குப் பழைய கோபம் அப்படியே திரும்பி வந்தது.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் எங்கள் மளிகைக் கடை, பட்டர்வொர்த்தில் ஸ்டோர். இரண்டு இணைய லைனுக்கும் நிலையான ஐபி (மாறாத இணைய முகவரி) கிடையாது. அதனால் வாடகை சர்வரில் ஓபன்விபிஎன் போட்டு, இரண்டையும் கிளையன்ட்டாக, அதாவது அந்தச் சர்வரோடு இணையும் முனைகளாகச் சேர்த்தேன். கடையின் நெட்வொர்க் முகவரி 192.168.10.0, ஸ்டோருடையது 192.168.20.0. கடையில் பில் போட்டால் ஸ்டோர் பிரிண்டரில் சீட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

ரூட் (எந்த நெட்வொர்க்குக்கு எந்த வழி), புஷ் ரூட் (அந்த வழியைக் கிளையன்ட்டுகளுக்கும் சொல்வது), ஐபி ஃபார்வர்டிங் (வந்த பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, மறுபக்கம் அனுப்ப அனுமதிப்பது) எல்லாம் போட்டும் சீட்டு வரவில்லை. லாக்கில் ஒரே புலம்பல்: ‘பேட் சோர்ஸ் அட்ரஸ் ஃப்ரம் கிளையன்ட், பாக்கெட் டிராப்ட்.’ கிளையன்ட்டிடமிருந்து வந்த அனுப்புநர் முகவரி சரியில்லை, பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று பொருள்.

ரூட் என்பது சர்வரின் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையத்துக்கு) இடும் கட்டளை: இந்த நெட்வொர்க்குக்கான பாக்கெட்டை டன் இன்டர்ஃபேஸில் (ஓபன்விபிஎன்னின் வாசலில்) தள்ளு. அதற்குப் பிறகு எந்தக் கிளையன்ட்டிடம் கொடுப்பது என்று ஓபன்விபிஎன்னுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், அதுதான் ஐரூட். சரக்கு ஜெட்டிக்கு வந்துவிட்டது, எந்த லாரியில் ஏற்றுவது என்ற சீட்டுதான் இல்லை. அந்த வரி சர்வர் கோப்பில் போகாது. சிசிடி ஃபோல்டரில் (ஒவ்வொரு கிளையன்ட்டுக்குமான தனி அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடம்), கிளையன்ட்டின் அடையாளச் சான்றிதழில் உள்ள காமன் நேம் என்ற பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே பெயர் வைத்த கோப்பில் போக வேண்டும். நான் கோப்பின் பெயரில் ஆங்கில முதலெழுத்தைச் சின்னதாக வைத்திருந்தேன், சான்றிதழில் பெரியது. கோப்புப் பெயர் பொருந்தவில்லை என்று ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை, இரண்டு இரவு போனது. சர்வர் கோப்பில் சிசிடி எக்ஸ்க்ளூசிவ் வரியைச் சேர்த்திருந்தால், கோப்பு கிடைக்காத கிளையன்ட்டை உள்ளேயே விட்டிருக்காது. தவறு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். இரண்டு நெட்வொர்க்குக்கும் புஷ் ரூட்டைப் பொதுவாக எழுதினாலே போதும். ஐரூட் வைத்திருக்கும் கிளையன்ட்டுக்கு அதனுடைய சொந்த நெட்வொர்க்கை மட்டும் அனுப்பாமல் தானாகவே விட்டுவிடுகிறது. அதைக் கண்டபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். கரண்ட் போய் வந்தாலும் தானே இணைந்துகொள்கிறது. 4 ஆண்டுகளாக அந்தக் கோப்புகளை நான் தொட்டதே இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டும் தம்பியை வயர்கார்டு என்ற வேறொரு விபிஎன் மென்பொருளைப் போடச் சொன்னேன். அதில் எந்த நெட்வொர்க் எந்தப் பக்கம் என்பதை அலவுட்ஐபிஸ் வரியில் எழுதினால் போதும், அதோடு வரும் டபிள்யூஜி குவிக் என்ற கருவி ரூட்டையும் போட்டுவிடும். அவன் கடையை மூடியபிறகு இரண்டு இரவு முழிக்க வேண்டாம். என்னுடையதை நான் மாற்றப் போவதில்லை. சிசிடி கோப்புகள் இரண்டையும் அச்செடுத்துக் கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.